திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஐம்பத்தைந்து நிமிடம்

2002ஆம் வருடம், ஜூன் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி சரியாகப் பத்து. குன்னூரில் தூறல். மழை என்று சொல்ல முடியாது. குடை இல்லாமல் போகவும் முடியாது. வீட்டு வாசலில் நான் மாட்டி வைத்திருந்த வெப்பமானி, கிளம்பும்போது பதினைந்து டிகிரி காட்டியது. கீழ் பஜாரில், ஜெராக்ஸ் எடுத்து பஸ் டிக்கெட்டும் விமான டிக்கெட்டும் போட்டுக் கொடுக்கும் ஒரு டெலிபோன் பூத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, இலங்கையில் ஹட்டன் பக்கத்துச் சின்ன டவுன் ஒன்றிலிருந்த கடையின் எண்ணை அழுத்தினேன். நான்காவது மணியில் எடுத்தார்கள்.

எடுத்தவர் கடைக்காரர். என் அக்காவின் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். "ஆச்சி போயிட்டாங்களே" என்றார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். பத்து நிமிடம் இருக்கும் என்றார். அதன் பிறகு ஒரே இரைச்சல். வைத்துவிட்டேன். மீட்டரில் நாற்பத்தெட்டு விநாடி ஓடியிருந்தது. அக்காவின் குரலைக் கேட்டு அன்றைக்கு இருபத்தொன்பது வருடம், எட்டு மாதம், இருபத்து மூன்று நாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். இரண்டு அரசாங்கங்களும் எங்கள் சனத்தை இவ்வளவு உனக்கு, இவ்வளவு எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டபோது, நான் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தேன். அக்காவின் வீட்டுக்காரர் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். விண்ணப்பத்தை இரண்டு பேருக்கும் பூர்த்தி செய்தது நான்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று லயமே என்னிடம்தான் வரும். அக்காவின் வீட்டுக்காரருக்கு எந்தக் கட்டத்தில் அடையாளம் போடுவது என்று கேட்டு, அவர் சொன்ன கட்டத்தில் போட்டேன். இன்னும் இரண்டு நாள் பேசிப் பார்த்திருக்கலாம்.

1972 செப்டம்பர் பதினேழாம் தேதி ஹட்டனில் கோச்சி ஏறினோம், நானும் என் மனைவியும். ரயிலை அங்கே கோச்சி என்போம். அக்கா பிளாட்பாரத்தில் நின்றாள். அழவில்லை. சுற்றிலும் நின்றவர்கள் எல்லாம் அழுததால் அவளுக்கு அழ இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து தலைமன்னார், தலைமன்னாரிலிருந்து மூன்றரை மணி நேரம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாமில் ஆறு நாள், பிறகு ரயில், பிறகு பஸ். நடுவட்டம் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கி வைத்தபோது கணக்குப் பார்த்தேன். ஒன்பது நாள், நான்கு மணி நேரம். அதனால் அக்கா இருக்கும் இடம் என் மனத்தில் ஒன்பது நாள் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கிலோமீட்டரில் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

அந்தத் தூரத்துக்கு ஒரே ஒரு மருந்து வைத்திருந்தேன். நான் புறப்பட்டபோது இரண்டு நாட்டிலும் ஒரே மணி. இங்கே ஆறு என்றால் அங்கேயும் ஆறு. தோட்டத்தில் காலை ஆறு மணிக்கு வேலைக்கு ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். இங்கே பெரட்டுக்கு மணி அடிக்கும்போதெல்லாம், இந்த நொடியில் அக்காவும் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு நடக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குன்னூருக்கு மேலே அறுபது சென்ட் தேயிலை வாங்கி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மணி அடிக்க ஆளில்லாவிட்டாலும் ஆறுக்கு வாட்சைப் பார்ப்பேன். அக்காவுக்கும் வேலை நின்றுபோயிருக்கும் வயதுதான். இருந்தாலும் பெரட்டு வெளியில் அவளை நிறுத்தி வைத்திருந்தேன்.

வாட்சில் எனக்கு அரை நிமிடம் பிசகக் கூடாது. தினமும் காலை வானொலிச் செய்திக்கு முன்னால் திருத்தி வைப்பேன். முன்பெல்லாம் அந்தப் பக்கத்து வானொலிதான் கேட்பது. எங்கள் மலைக்கு அது நன்றாகவே எடுக்கும். கேட்ட அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்காது என்று மனைவி சொல்லி, 1990 வாக்கில் அதை நிறுத்திவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

அது பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத காலம். கிலோ பதிமூன்று, பதினான்கு என்று விற்ற கொழுந்து நான்கு ரூபாய்க்கு இறங்கி, சில நாள் வாங்கவே ஆளில்லாமல் சாலையோரம் சாக்கில் கிடந்து கறுத்துப் போனது. பக்கத்துத் தோட்டக்காரர் செடியை அப்படியே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் போனார். அவருடைய தேயிலை இரண்டு வருடத்தில் என் தலைக்கு மேல் வளர்ந்தது. என் மகனும் திருப்பூர்தான் போனான். எங்கள் அறுபது சென்ட்டை நானும் மனைவியும் பறித்தோம். இந்த விலைச் சரிவுக்கு இலங்கைத் தேயிலை இறக்குமதிதான் காரணம் என்று பஸ்ஸில், டீக்கடையில், எங்கும் பேச்சு. பூத்துக்காரர் மேட்டுப்பாளையம் பக்கத்து ஆள், நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. நான் போனை வைத்துவிட்டுக் காசு கொடுத்தபோது, "உங்கக்கா பறிக்கிற தேயிலதானுங்க சார் நம்ம வெலையக் கெடுக்குது. போன்ல கெடைச்சா கொஞ்சம் மெதுவாப் பறிக்கச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் போன் ஏற்பாட்டுக்கு மூன்று கடிதங்கள் ஆகியிருந்தன. இங்கிருந்து கடிதம் போக பதினொரு நாள்; வரவும் அவ்வளவே. அங்கே பல வருடச் சண்டை ஓய்ந்து, தோட்டத்துக்குக் கீழே டவுனில் ஒரு கடையில் வெளிநாட்டுப் போன் வந்திருப்பதாக அக்காவின் பேத்தி எழுதியிருந்தாள். அக்காவுக்கு எழுதத் தெரியாது. கடிதமெல்லாம் பேத்தி கையெழுத்தில்தான் வரும். அக்கா ஞாயிறு காலை பஸ்ஸில் டவுனுக்கு இறங்கி வந்து கடையில் உட்கார்ந்திருப்பாளாம். பத்து மணிக்குச் சரியாக நான் போன் போட வேண்டும், அதற்கு மேல் தாமதித்தால் திரும்பிப் போகும் பஸ் போய்விடும், அடுத்தது மூன்று மணிக்குத்தான் என்று எழுதியிருந்தாள். பத்து என்றால் எனக்குப் பத்து. நான் எடுத்தபோது என் வாட்சில் பத்து. அவள் போய்ப் பத்து நிமிடம். அப்படியென்றால் ஒன்பது ஐம்பதுக்கே எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கே கடிதம் போட்டு, ஜூலை ஏழாம் தேதி ஞாயிறு என்று மறுபடி நாள் குறித்தேன். பதில் வந்தது, சரி என்று. அந்த முறை ஐந்து நிமிடம் விட்டுக்கொடுத்து ஒன்பது ஐம்பத்தைந்துக்கே எடுத்தேன். "இப்பத்தான், அஞ்சு நிமிசம் இருக்கும்" என்றார் கடைக்காரர். மறுபடியும் ஒன்பது ஐம்பது.

இங்கே கணக்குத் தெரிந்தவன் என்ன செய்திருப்பான்? அடுத்த முறை ஒன்பதரைக்கு எடுத்திருப்பான். கிடைத்திருப்பாள். நான் செய்யவில்லை. எனக்கு நியாயம்தான் முன்னால் வந்து நின்றது. வீட்டுக்கு வந்து, ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் கடிதம் எழுதினேன்.

நீ ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு இருந்தவள் இல்லை என்று தொடங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் பேர் என்போம். நேரத்துக்கு வராவிட்டாலும் கொழுந்து நிறை குறைந்தாலும் அரைப்பேர்தான். எனக்கு இருபத்திரண்டு வயதில் செக்ரோல், அதாவது ஆட்களின் வருகைப் பேரேடு, எழுதும் வேலை கிடைத்தது. முதல் மாதமே, அக்கா பெரட்டுக்குக் கால் மணி தாமதமாக வந்த ஒரு நாள், எல்லோர் முன்னாலும் அவளுக்கு அரைப்பேர் போட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொந்தக்காரி என்று பார்க்காத பையன் என்று துரை என்னைப் பாராட்டினார். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைத்தான் நாற்பத்து நான்கு வருடம் கழித்து எடுத்து எழுதினேன். அன்றைக்கு உனக்கு அரைப்பேர் போட்டது சரிதான், இன்றைக்கும் உனக்கு அரைப்பேர்தான் என்று எழுதி, ஒட்டி, தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் கொழுந்துச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள். "முப்பது வருசம் பொறுத்த மனுசனுக்குப் பத்து நிமிசம் பொறுக்க முடியல."

ஆகஸ்டு ஐந்தாம் தேதி பதில் வந்தது. எப்போதும் 'அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது' என்று தொடங்கும் கடிதம், இந்த முறை அது இல்லாமல் மூன்றே வரியில் இருந்தது. கால் வீக்கம். இனிப் போனுக்கு வர முடியாது. பார்க்க வேண்டுமென்றால் நீதான் வர வேண்டும். பேத்தியின் அதே குண்டுக் கையெழுத்து. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமை. அக்காவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. எங்கள் அம்மா எழுபத்து மூன்றில் போனாள், அவளுக்கும் கால் வீக்கத்தில்தான் தொடங்கியது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. அவள் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிட வேண்டும். கோபமாக இருந்தால் கோபத்தோடாவது பார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பேரை எழுத ஆரம்பித்து, இடம் போதாமல் பாதியில் நின்றது. போலீஸ் விசாரணைக்கு வந்தவர் ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு, இந்த வயதில் எதற்கு என்று கேட்டார். புத்தகம் கைக்கு வர இரண்டரை மாதம். அதற்குள் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. பர்லியாருக்குக் கீழே மண் சரிந்து இரண்டு நாள் பஸ் இல்லை. நான் போகும் நாளில் சரிந்தால் என்ன செய்வது, கோத்தகிரி வழியாக எத்தனை மணி நேரம் கூடும் என்று தனியாக ஒரு கணக்கு எழுதி வைத்தேன். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களில் ஒன்பதைப் பயணச் செலவுக்கு விற்றேன். விலை இல்லாத அந்த வருடங்களில் எங்கள் சரிவில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேராக வீட்டுக்குள் வந்தது.

நவம்பர் இருபதாம் தேதி, புதன்கிழமை, டிக்கெட்டுக்கு அதே பூத்துக்காரரிடம் போனேன். அதற்கு முந்தின வாரமே பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை வாங்கி, நூல் வைத்துத் தூரத்தை அளந்துவிட்டேன். திருச்சிக்கும் கொழும்புக்கும் நேர்கோட்டில் நானூற்றிருபது கிலோமீட்டர், ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். நூலை எடுத்துக் குன்னூருக்கும் சென்னைக்கும் வைத்தேன். அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவேதான் வந்தது. சென்னைக்கு நான் பென்ஷன் விஷயமாக ஏழு தடவை போய் வந்திருக்கிறேன்.

போகும் விமானம் டிசம்பர் பன்னிரண்டு, வியாழன். திருச்சியில் மூன்று பத்துக்குப் புறப்பட்டு, கொழும்பில் நான்கு முப்பத்தைந்துக்கு இறங்கும். திரும்பி வருவது இருபத்திரண்டாம் தேதி. அங்கே ஒன்று ஐம்பது, திருச்சியில் இரண்டு பதினைந்து. தாளை வாங்கிப் பார்த்த உடனே எனக்கு உறுத்தியது. போக எண்பத்தைந்து நிமிடம். வர இருபத்தைந்து நிமிடம். நானூற்றிருபது கிலோமீட்டரை வகுத்துப் பார்த்தேன். போகும்போது மணிக்கு இருநூற்றுத் தொண்ணூற்றாறு. வரும்போது ஆயிரத்து எட்டு. ஒரே விமானம். தப்பாக அச்சடித்திருக்கிறார்கள், மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

பூத்துக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "போறப்ப ஏத்தமுங்க, மெதுவாத்தான் போகும். வரப்ப எறக்கம், சர்ருனு வந்துரும். நம்ம ரயிலு மாதிரின்னு வச்சுக்குங்க" என்றார். ஆகாயத்தில் ஏது ஏற்றம் என்றேன். "உங்கக்கா மலமேலதானுங்களே இருக்காங்க."

சொன்னால் வெட்கம்தான். ஒரு நிமிடம் நான் அதையும் யோசித்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறப் பஸ்ஸுக்கு ஒரு மணி இருபது நிமிடம், இறங்க ஐம்பத்தைந்து. முப்பது வருடம் மலையில் இருப்பவனுக்குப் போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருந்தால்தான் சந்தேகம் வரும். ஆனால் எண்பத்தைந்துக்கும் இருபத்தைந்துக்கும் எந்த ஏற்றமும் கட்டாது. விடாமல் நச்சரித்தேன். அவர் கோயம்புத்தூரில் டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஆபீஸுக்குப் போன் போட்டார். கேட்டுக்கொண்டார், சரிங்க சரிங்க என்றார், வைத்தார்.

"டிக்கெட்டு சரிதானுங்க சார். அங்க மணி நம்மளவிட அரை மணி முந்திங்களாமா. ஆறு வருசமாவே அப்படித்தானுங்களாம்."

எண்பத்தைந்தையும் இருபத்தைந்தையும் கூட்டி இரண்டால் வகுத்தேன். ஐம்பத்தைந்து. அவ்வளவுதான் தூரம். பிறகு, நான் போட்ட போன்களுக்கு மனம் போயிற்று. என் பத்து மணி அங்கே பத்தரை. என் ஒன்பது ஐம்பத்தைந்து அங்கே பத்து இருபத்தைந்து. அக்கா பத்துக்கு என்று சொன்னவள், பத்தேகால் தாண்டியும் உட்கார்ந்திருந்து, பஸ்ஸை விட முடியாமல் பத்து இருபதுக்கு எழுந்திருக்கிறாள். இரண்டு தடவையும். கால் வீக்கத்தோடு. நேரத்துக்கு வராதவன் நான்.

பூத்துக்காரர் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். ஆறு வருடமாகத் தினமும் காலை ஆறுக்கு நான் அக்காவை நினைத்தபோது, அங்கே பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போயாகிவிட்டது. வெறும் வெளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இது சின்ன விஷயம், யாரிடமும் சொல்ல முடியாத விஷயம், ஆனால் அரைப்பேரைவிட அன்றைக்கு எனக்கு அதுதான் தாங்கவில்லை.

உடனே கடைக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது என்று அக்காவிடம் சொல்லச் சொன்னேன். கடைக்காரர் சரி என்றார். பின்னால் ஆட்கள் மாவுக்கு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்வார் என்று தோன்றவில்லை. பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, மூன்று மணி பஸ்ஸுக்கு டவுனில் இருப்பேன் என்று கடிதம் எழுதிப் போட்டேன். உங்கள் மணியில் மூன்று என்று அடிக்கோடு போட்டேன். வேறு எதுவும் எழுதவில்லை. மன்னிப்பை அந்தக் குண்டுக் கையெழுத்துக்காரி படித்துச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை.

அந்த இருபத்திரண்டு நாளும் எப்படிப் போயின என்று எழுத ஒன்றும் இல்லை. கொழுந்து பறித்தோம். நான்கு ரூபாய் ஐம்பது காசுக்குப் போட்டோம். வாட்சைப் பார்க்கும்போதெல்லாம் அரை மணி கூட்டிக்கொண்டேன்.

விமானத்தில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. வயலும் குளமும் சின்னதாகி, மணல் கோடு ஒன்று வந்தது, கடல் வந்தது. மண்டபம் முகாம் தெரிகிறதா என்று பார்த்தேன், மேகம். கப்பலில் மூன்றரை மணி நேரம் வாந்தி எடுத்துக்கொண்டு கடந்த தண்ணீர், பக்கத்து ஆள் ஒரு சாண்ட்விச்சைத் தின்று முடிக்குமுன் போய்விட்டது. கரை வந்ததும் வாட்சை அரை மணி முன்னே தள்ளினேன். சக்கரம் தரையைத் தொட்டபோது எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்தாறு. ஒரு நிமிடம் கூடுதல்.

இரவு கொழும்பில் ஒரு லாட்ஜில் தங்கி, காலைக் கோச்சியில் ஹட்டன், அங்கிருந்து பஸ். இரண்டு இருபதுக்கு டவுனில் இறங்கினேன். மழை இல்லை, மப்பாக இருந்தது. கடை வாசல் பெஞ்சில் மூன்று கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரில் எது அக்கா என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுத இத்தனை வருடம் கூச்சமாக இருந்தது. மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பெட்டியோடு நின்றேன். நடுவில் இருந்தவள்தான் கை அசைத்தாள்.

"வந்துட்டியா தம்பி. பஸ்ஸு வர இன்னும் நேரமிருக்கு, ஒக்காரு."

பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே, அந்த இரண்டு கிழவிகளும் கேட்க, கடிகாரக் கதை முழுவதையும் சொன்னேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

"மணிய மாத்துனதா? அது மாத்தி எத்தனையோ வருசமாச்சே. கரண்டு மிச்சமாவும்னாங்க. எங்க லயத்துல அப்ப ஏது கரண்டு" என்றாள். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

கடிதத்தில் அப்படி எழுதியது தப்பு என்றேன். எந்தக் கடிதம் என்று கேட்டாள். சொன்னேன்.

"அதுவா. பேத்தி வாசிச்சிக்கிட்டே வந்தா, பாதியில நிறுத்திப்புட்டா. மிச்சம் என்னடின்னா, சொகம் விசாரிச்சிருக்காருன்னு மடிச்சி வச்சிட்டா." பெஞ்சைத் தட்டிக் காட்டினாள். "நான் அதுக்கப்புறமும் வந்தேன் தம்பி. ஆடி மாசம் பூராவும் ஞாயித்துக்கெழம வந்து இங்கதான் ஒக்காந்திருந்தேன். நீ எடுக்கல."

ஆகஸ்டில் எனக்கு வந்த மூன்று வரி அக்கா சொல்லி எழுதியதே இல்லை. என் கடிதத்தைப் படித்த பேத்தி தானாக எழுதிப் போட்டது அது. லயத்துக்குப் போனதும் அவளைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எனக்குச் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவளும் நானும் அந்தக் கடிதத்தைப் பற்றி இன்று வரை பேசியதில்லை. அக்காவுக்குத் தெரியாமல் அவள் அதை அடுப்பில் போட்டிருப்பாள் என்று நம்புகிறேன்.

எட்டு இரவு அங்கே இருந்தேன். ஆறு மணிக்குப் பெரட்டு மணி அடித்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து, இன்னும் கொஞ்சம் படு, குளிருது என்றாள். பேச நிறைய இருக்கும் என்று நினைத்துப் போனேன். முதல் நாளிலேயே செத்தவர்கள் கணக்கு முடிந்துவிட்டது, பதினேழு பேர். பிறகு அக்கா கொழுந்து விலை கேட்டாள். அங்கேயும் நாள் கூலி போதவில்லை என்றாள். உங்கள் தேயிலையால்தான் எங்கள் விலை போச்சு என்று குன்னூரில் பேசிக்கொள்வதைச் சொன்னேன். அக்கா வெகு நேரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அவளை முழுதாக அடையாளம் தெரிந்தது.

கடைசி நாள், டவுன் பெஞ்சில், நான் எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதுகிறேன் என்றேன். "எழுதாத" என்றாள் அக்கா. "போன எடு. ஒன் மணிக்கு ஒன்பதரை, நான் பத்துன்னு வச்சிக்கிறேன். மாசம் மொத ஞாயிறு. வேற ஒன்னும் கணக்குப் பாக்காத." அப்படியே செய்தோம். 2003 ஜனவரியிலிருந்து 2005 டிசம்பர் வரை முப்பத்தாறு முதல் ஞாயிறுகளில் முப்பத்து மூன்று தடவை பேசினோம். இரண்டு தடவை இங்கே மண் சரிவு, ஒரு தடவை அவளுக்கு உடம்பு சரியில்லை. 2006 ஜனவரியில் அக்கா போய்விட்டாள். அதே வருடம் ஏப்ரலில் அங்கே கடிகாரத்தை அரை மணி பின்னே தள்ளி, பழையபடி எங்கள் மணிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பூத்துக்காரர்தான் சொன்னார். நான் சரி என்றேன்.

அந்த 2002 டிசம்பரில், திரும்பும் விமானம் ஒன்று ஐம்பதுக்கே எடுத்துவிட்டது. நானூற்றிருபது கிலோமீட்டர் எனக்குப் போதவில்லை. கடல் முடிந்து திருச்சியின் பொட்டல் தெரிந்தது. இரண்டு பதினைந்து என்று அறிவித்தார்கள். எல்லோரும் வாட்சைத் திருப்பினார்கள். நான் திருப்பவில்லை. பஸ்ஸில், கோயம்புத்தூரில், மேட்டுப்பாளையத்தில், வீட்டில், மூன்று நாள் அந்த மணியையே வைத்துக்கொண்டேன். இப்போது அக்கா சாப்பிட்டிருப்பாள், இப்போது வெற்றிலை இடிப்பாள் என்று கூட்டிக் கழிக்காமல் பார்க்க முடிந்தது. நான்காம் நாள், குன்னூர் பஸ்ஸுக்கு அரை மணி முன்னாலேயே போய் நின்று, உறைபனியில் கால் மரத்துப்போன பிறகுதான் திருப்பினேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆயிற்று என்று. பாஸ்போர்ட், டிக்கெட், பஸ், கோச்சி, லாட்ஜ், அக்காவுக்கு வாங்கிப் போன ஸ்வெட்டரும் வர்க்கியும் தைலமும், அக்கா எழுந்து போன பிறகு நான் போட்ட இரண்டு போன்களும் சேர்த்து, ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு ரூபாய், ஐம்பது காசு.